தாராவி மாசானமுத்து

26 ஆகஸ்ட் 2019, திங்கள்

கல்லூரி வானொலிக்காரர்கள் ஒரு வழியாக வழிக்கு வந்துவிட்டார்கள். சனிக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு அரை மணி நேரம் நான் என் வாழ்க்கையைப் பேச வேண்டும். மொத்தம் பத்து வாரம். தலைப்பு ‘காற்றில் ஐம்பது ஆண்டுகள்’. கணக்குப் பார்த்தால் முப்பத்தொன்பதுதான் வருகிறது. பள்ளிக்கூட மைக்கில் காலைப் பிரார்த்தனை வாசித்ததையும் சேர்த்துக்கொண்டால் ஐம்பதைத் தொட்டுவிடலாம்.

பொறுப்பாளர் பியூலா டீச்சர் நல்ல பெண். “சார், அறிவிப்பாளர், பாட்டு விமர்சகர், பத்திரிகை ஆசிரியர், எல்லாம் நீங்க ஒரே ஆளு. எங்க பிள்ளைங்களுக்கு இதெல்லாம் தெரியணும்” என்றாள். தெரிய வேண்டியதுதான். அவர்களுடைய அலை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் போகாதாம். ஒரு காலத்தில் கடல் தாண்டிப் போன குரல் இப்போது பாளையங்கோட்டையைத் தாண்டினாலே அதிர்ஷ்டம்.

கிணற்று மோட்டார் மறுபடியும் மக்கர். ஆள் நாளைக்கு வருகிறானாம்.

31 ஆகஸ்ட், சனி

முதல் பேச்சு. குரல் தேர்வில் நாற்பது பேரில் நான் தேறியது, முதல் நாள் ‘நேரம் ஆறு மணி’ என்று சொல்லும்போது கால் நடுங்கியது எல்லாம் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் கிருபையிடம் எப்படி என்று கேட்டேன். “நல்லாத்தான் இருந்துச்சு. நடுவுல மூச்சு விட்டா இன்னும் நல்லா இருக்கும்” என்றாள். கல்யாணமான நாற்பத்து மூன்று வருடமாக என்னைப் பாராட்டக் கூடாது என்று விரதம் இருக்கிறாள்.

மோட்டார் ஆள் வரவில்லை.

7 செப்டம்பர், சனி

இரண்டாவது பேச்சு அமர்க்களம். ஞாயிறு மத்தியான ‘நேயர் விருப்பம்’ பற்றிப் பேசினேன். பிள்ளைகளுக்கு அஞ்சலட்டை என்றாலே புதுமையாக இருக்கிறது. ஒரு வாரத்துக்கு முந்நூறு, நானூறு அட்டை வரும். நிகழ்ச்சியோ ஒரு மணி நேரம். அதனால் நான் ஒரு முறை வைத்திருந்தேன். சிவப்புப் பேனாவால் பாட்டு, பெயர், ஊர் மூன்றை மட்டும் அடிக்கோடு இடுவேன். நடுவில் இருப்பதைப் படிப்பதே இல்லை. எல்லாரும் ஒன்றைத்தான் எழுதுவார்கள், நலம், நலமறிய ஆவல், உங்கள் குரல் தேன். இப்படிப் பத்து நிமிடத்தில் நூறு அட்டையைத் தள்ளிவிடுவேன் என்று சொன்னதும் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

பம்பாய் விஷயத்தையும் சொன்னேன். தாராவியிலிருந்து மாசானமுத்து என்ற ரசிகர் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அட்டை போட்டது, நம் அலை பம்பாய் வரை எட்டுகிறது என்று மேலதிகாரி அசந்துபோய் என் தற்காலிக வேலையை நிரந்தரம் ஆக்கியது, பின்னால் நான் ‘மெட்டு’ இதழ் தொடங்கியபோது அதே மாசானமுத்து மாதம் தவறாமல் வாசகர் கடிதம் எழுதியது. பியூலா கண்ணை அகல விரித்தாள். அந்த விஷயம் அப்படியே இருக்கட்டும்.

9 செப்டம்பர், திங்கள்

காலை பதினொரு மணி இருக்கும். மின்விசிறி துடைக்க ஸ்டூலில் ஏறி நின்றிருந்தேன். வாசலில் ஒரு கிழவியும் அவள் மகளும். கிழவிக்கு எண்பது இருக்கும், மகளுக்கு ஐம்பது. நேயர்கள் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கையெழுத்துக் கேட்பார்கள் என்று பேனாவைத் தேடினேன்.

“ஐயா, ரேடியோவுல பேசுனது நீங்கதான? எம்பேரு பேச்சித்தாய். மேலப்புதுக்குடியிலேருந்து வாரோம். இவ எம்மவ வடிவு.”

உட்காரச் சொன்னேன். கிருபை தண்ணீர் கொண்டுவந்தாள். கிழவி குடிக்கவில்லை.

“ஐயா, எம்மவன் வெலாசம் வேணும்.”

“யாரு உங்க மகன்?”

“மாசானமுத்து. தாராவி மாசானமுத்து.”

என் கையில் இருந்த துடைக்கும் துணி கீழே விழுந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை, சொல்லிக்கொண்டே போனாள். எண்பத்தொன்றில் சித்திரை மாதம் அப்பா பெல்ட்டால் அடித்ததில் பதினாலு வயதுப் பையன் வீட்டை விட்டு ஓடிவிட்டான். இரண்டு மாதம் தகவல் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை டீக்கடை ரேடியோவில் என் குரல் அவன் பெயரைச் சொல்லியிருக்கிறது.

“சு. மாசானமுத்துன்னு சொன்னீய. சுப்பையா மவன் மாசானமுத்து. அதுவும் அந்தப் படகுப் பாட்டுக்கு. சோத்துக்கு உக்காந்தாலும் அந்தப் பாட்டத்தான் பாடுவான். கடையில இருந்தவங்க எல்லாரும் ‘ஏ பேச்சி, ஒம்மவன் பம்பாய்ல இருக்கான்’னு கத்துனாவ. உசுரோட இருக்கான்னு எனக்குச் சொன்னது நீங்கதான்யா. ஒங்கள நான் சாமியா கும்புடுதேன்.”

எழுந்து என் காலைத் தொட வந்தாள். நான் பின்னால் நகர்ந்து ஸ்டூலில் இடித்துக்கொண்டேன்.

மகள் வடிவு கட்டைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். உள்ளே ‘மெட்டு’ வாசகர் கடிதங்கள். வெட்டி, சோற்றுப் பசையால் வரிசையாக ஒட்டியிருந்தார்கள். எல்லாம் தாராவி மாசானமுத்து எழுதியவை. பத்தொன்பது வருடத்துக் கடிதங்கள்.

“எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது, இவதான் வாசிப்பா. கல்யாணம் ஆயிருச்சுன்னு எழுதியிருந்தான். எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லல. சரி, கோவம். பெறகு மவன் பொறந்திருக்கான், பேரு இசையரசன்னு எழுதியிருந்தான். தொண்ணூறு ஆவணியில. எம்பேரனுக்கு இப்ப இருபத்தொம்பது வயசு.”

இசையரசன். அந்தப் பெயரை நான் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் வைத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இதழின் அந்தப் பக்கத்தில் நாலு வரி இடம் காலியாக இருந்தது.

அவள் கணவர் சுப்பையா மகனைத் தேடி மூன்று தடவை பம்பாய் போயிருக்கிறார். பாஷை தெரியாமல் சந்து சந்தாக அலைந்திருக்கிறார். மூன்றாவது தடவை இருமலோடு வந்து படுத்தவர் தொண்ணூற்றாறில் போய்விட்டார். முகவரி கேட்டு ‘மெட்டு’க்கு ஆறு கடிதம் போட்டார்களாம்.

“வாசகர் வெலாசம் தரமாட்டோம்னு பத்திரிகையில அச்சடிச்சிருந்துச்சு” என்றாள் வடிவு. “அண்ணன்தான் தரவேண்டாம்னு சொல்லியிருப்பான்னு அம்மா நெனச்சிட்டாவ.”

“இனிமே கோவிக்க என்னய்யா இருக்கு? அடிச்ச மனுசனே போயிட்டாரு. நான் கண்ண மூடுதுக்குள்ள ஒரு தடவ அவனப் பாத்துரணும். பேரனையும்.”

தேடிப் பார்க்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்ல? போகும்போது ஒரு சீப்பு நாட்டுப்பழத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

10 செப்டம்பர், செவ்வாய்

மோட்டார் ஆள் வந்தான். என்ன பழுது என்று சொன்னான், காதில் ஏறவில்லை. சாப்பிடப் பிடிக்கவில்லை. பழத்தை யாரும் தொடவில்லை.

12 செப்டம்பர், வியாழன்

இந்த நோட்டிலாவது எழுதிவிடுகிறேன். தாராவி மாசானமுத்து என்று ஒருவன் கிடையாது. நான் உண்டாக்கியவன். தில்லியிலிருந்து வரும் அதிகாரிகளுக்கு நம் அலை எட்டும் தூரத்தைக் காட்ட வேண்டும், தூரத்து ஊர் அட்டை ஏதாவது இருக்கிறதா என்று மேலதிகாரி கேட்டார். இருந்தது என்று வாசிப்புப் பட்டியலில் எழுதிக் காட்டினேன். ஒரு பொய் சொன்னேன், அது சம்பளம் வாங்கிக் கொடுத்தது. அதை விட மனம் வரவில்லை. ஆசிரியருக்குக் கடிதம் எழுத ஆள் இல்லாத பத்திரிகையில் ஆசிரியரே எழுதிக்கொள்வதும் ஊர் உலகத்தில் நடக்காதது இல்லை.

இந்த ஜில்லாவில் மாசானமுத்து என்ற பெயருக்கா பஞ்சம்? தற்செயல். அவ்வளவுதான் என்று இரண்டு நாளாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் தலைப்பெழுத்து? படகுப் பாட்டு?

கிருபையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

“பேரு எங்கேருந்து எடுத்தீங்க?”

“சும்மா தோணுச்சு.”

“பேரு தோணும். பாட்டும் தோணுமா? பழைய அட்டையப் பாருங்க.”

“எல்லாத்தையும் அப்பவே எரிச்சாச்சு.”

“நீங்க எரிச்சது விக்காம திரும்பி வந்த ‘மெட்டு’ கட்டு. அட்டைப் பெட்டிய நாந்தான் பரண்ல ஏத்தி வச்சேன்.”

ஏணி எடுக்க வேண்டும், முழங்கால் வலிக்கிறது என்றேன். கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தாள்.

14 செப்டம்பர், சனி

மூன்றாவது பேச்சு. ‘மெட்டு’ தொடங்கிய கதை. அச்சகம், காகித விலை, அட்டைப்படம் என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று பியூலா நேரலையிலேயே கேட்டாள், “சார், போன வாரம் சொன்னீங்களே தாராவி மாசானமுத்து, அவரு இப்ப எப்படி இருக்காரு? நேயர்கள் எல்லாம் கேக்காங்க.”

அந்தக் கணத்தில் சொல்லியிருக்கலாம். மேலப்புதுக்குடி ஒன்பது கிலோமீட்டர், அலை எட்டும். ரேடியோவின் பக்கத்தில் பேச்சித்தாய் உட்கார்ந்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். “நல்லா இருப்பாரு. தொடர்பு விட்டுப்போச்சு” என்று சொன்னேன். என் குரல் கொஞ்சமும் பிசகவில்லை. நாற்பது வருடப் பழக்கம். எனக்கே என்னைப் பார்க்க அருவருப்பாக இருந்தது.

15 செப்டம்பர், ஞாயிறு

கிருபை ஞாயிறு ஆராதனைக்குப் போன பிறகு ஏணி வைத்து ஏறினேன். பெட்டியில் கரையான் பாதி தின்றது போக இருநூறு அட்டை இருக்கும். ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பினேன். எழுபதோ எண்பதோ தாண்டியிருக்கும், கிடைத்துவிட்டது.

பதினைந்து பைசா அட்டை. பென்சிலில் எழுதிய கோணல் எழுத்து. அதை இங்கே அப்படியே எழுதி வைக்கிறேன்.

‘வானொலி அண்ணாவுக்கு வணக்கம். வரும் ஞாயிறு படகுப் பாட்டு போடவும். என் பேரும் ஊரும் கட்டாயம் சொல்லவும். எங்க அம்மா ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் பாட்டு கேட்பாள். நான் ஓட்டலில் வேலை செய்கிறேன். காலில் வெந்நீர் கொட்டிவிட்டது, நடக்க முடியவில்லை. வீட்டுக்கு லெட்டர் போட்டால் அப்பா கிழித்துப்போடுவார். ரேடியோவில் சொன்னால் அம்மா வந்து கூட்டிப்போவாள். சு. மாசானமுத்து, கோமதி விலாஸ் ஓட்டல், ரயில்வே ஸ்டேசன் எதிரில், புனலூர்.’

பாட்டின் கீழே சிவப்புக் கோடு. பெயரின் கீழே சிவப்புக் கோடு. புனலூர் என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, அதன் மேல் ‘தாராவி, பம்பாய்’ என்று எழுதியிருக்கிறது. என் கையெழுத்து. வளைத்து வளைத்துப் போடும் அந்த ‘ரா’ என்னுடையதேதான்.

நடுவில் இருந்ததை நான் படிக்கவில்லை. இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் படிக்கிறேன்.

தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். கிருபை வந்து தோளைத் தொட்டபோதுதான் மணி ஒன்று என்று தெரிந்தது. அட்டையை அவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு முக்காட்டைக் கூட எடுக்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

16 செப்டம்பர், திங்கள்

புனலூர் செங்கோட்டைக்கு அடுத்தாற்போல, மலை தாண்டிக் கேரளாவில். இங்கிருந்து ரயிலில் நாலைந்து மணி நேரம்.

17 செப்டம்பர், செவ்வாய்

இன்று கொஞ்சம் யோசிக்க முடிந்தது. யோசித்தது எதுவும் நல்லதாக இல்லை. அட்டையைக் கிழித்துப்போட்டால் யாருக்கும் தெரியாது. முகவரி கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம். அவளுக்குப் பம்பாயில் ஒரு மகன், மருமகள், பேரன். பிள்ளை நன்றாக இருக்கிறான், கோபமாக இருக்கிறான், அவ்வளவுதான். வந்து கூட்டிப்போ என்று அவன் கேட்டதும் யாரும் போகாததும் இந்த வயதில் அவளுக்குத் தெரிய வேண்டுமா? இதைக் கிருபையிடம் சொன்னேன்.

“பம்பாய்ல இல்லாத பேரனுக்காக, புனலூர்ல இருக்க மவன விட்டுரணுமா?”

“முப்பத்தெட்டு வருசமாச்சு. இன்னும் அங்க இருப்பானா?”

“அத அந்தம்மா போயில்ல பாக்கணும். நீங்க யாரு முடிவு பண்ணுறதுக்கு?”

சரி, சனிக்கிழமை நேரலையில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு அட்டையை வாசித்துவிடுகிறேன் என்றேன். நாலாவது பேச்சு அதுவாகவே இருக்கட்டும், என் பெயர் நாறினாலும் நாறட்டும். அப்போதுதான் கிருபைக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

“ஊரு கேக்க அழுதுட்டு, பெரிய மனுசன்னு பேரு வாங்கிட்டு வரப்போறீங்களா? மைக்குக்கு முன்னாலன்னா உங்களுக்கு எல்லாம் வரும். அந்தம்மா வீட்டுக்குப் போங்க. அவங்க முகத்தப் பாத்துச் சொல்லுங்க.”

எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதுவதில் என்ன வெட்கம், பயமாகத்தான் இருக்கிறது.

18 செப்டம்பர், புதன்

மேலப்புதுக்குடிக்கு மினி பஸ்ஸில் போனேன். கிருபையும் வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். டீக்கடையில் கேட்டதும் வீட்டைக் காட்டினார்கள். ஓட்டு வீடு. வடிவு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள், பேச்சித்தாய் அம்மாள் இலை வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“வெலாசம் கெடச்சிட்டாய்யா?”

உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும். நின்றபடியே சொன்னேன். பம்பாயில் உங்கள் மகன் இல்லை. அந்தக் கடிதங்கள் எல்லாம் நான் எழுதியவை. கல்யாணம் நான் எழுதியது. இசையரசன் என்று ஒரு பிள்ளை கிடையாது. எத்தனையோ ஆயிரம் மணி நேரம் பேசிய வாய், இந்த நாலு வாக்கியத்துக்கு நாலு தடவை தடுக்கியது.

அந்த அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. மகளைப் பார்த்தார். வடிவுதான் கத்தினாள். “எங்கப்பா மூணு தடவ போனாவளே! செத்துப்போனாவளே!” கையில் இருந்த தட்டை என் மேல் எறிந்தாள். இலையும் தூளும் சட்டையெல்லாம் கொட்டியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் துடைத்துக்கொள்ளவில்லை.

“அப்ப எம்மவன் பேரு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று அந்த அம்மா கேட்டார்.

அட்டையை நீட்டினேன். வடிவு பிடுங்கினாள். எழுத்தைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. “அண்ணன் எழுத்து” என்றாள். பிறகு சத்தமாக வாசித்தாள். வெந்நீர் கொட்டிவிட்டது என்ற இடத்தில் நிறுத்திவிட்டாள். மீதியை நான்தான் சொன்னேன். அது எனக்கு மனப்பாடம்.

அந்த அம்மா அடிப்பார், திட்டுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

“புனலூர் எங்க இருக்கு?”

“செங்கோட்டைக்கு அங்கிட்டும்மா.”

“பம்பாய விடத் தூரமா?”

“இல்லம்மா. காலையில ஏறுனா மத்தியானம் போயிரலாம்.”

அந்த அம்மா அட்டையை வாங்கி, தலைகீழாகப் பிடித்து, பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வடிவிடம், “அந்தப் பச்சச் சேலைய எடுத்து வையி” என்றார். என்னிடம், “நாளைக்கு ரயிலு எத்தன மணிக்கு?” என்று கேட்டார்.

“அம்மா, அவரு இப்ப அங்க இருப்பாரான்னு தெரியாது. அந்த ஓட்டலே இருக்கோ என்னவோ.”

“எம்பிள்ள வரச் சொல்லியிருக்கான். நான் போவணும்லா?”

19 செப்டம்பர், வியாழன்

ரயிலில் எழுதுகிறேன். மூன்று டிக்கெட். எதிர் இருக்கையில் அந்த அம்மா, பச்சைச் சேலையில், மடியில் தூக்குச்சட்டி. உள்ளே இட்லி. அவனுக்கு. பக்கத்தில் வடிவு. என்னை ஏன் வரச் சொன்னார்கள் என்று கேட்கத் தைரியம் இல்லை. தென்காசியில் டீ வாங்கி நீட்டினேன், அந்த அம்மா என் கையிலிருந்து வாங்கிக்கொள்ளவில்லை. வடிவு வாங்கிக் கொடுத்த பிறகு குடித்தார்.

செங்கோட்டையில் வண்டி மாறினோம். மலை தொடங்கிவிட்டது. நேற்றிலிருந்து இப்போதுதான் முதல் தடவையாக என்னிடம் பேசினார்.

“ஐயா, அவனப் பாத்ததும் நான் பேசமாட்டேன். நீங்கதான் மொதல்ல பேசணும்.”

“என்ன சொல்லணும்மா?”

“அவன் கூப்புட்டது எங்காதுல விழவே இல்லன்னு சொல்லணும். விழுந்திருந்தா அன்னைக்கே வந்திருப்பேன்னு சொல்லணும். முப்பத்தெட்டு வருசமா அம்மா கேட்டும் வரலன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருப்பான். நான் சொன்னா நம்பமாட்டான். ரேடியோக்காரரு சொன்னா நம்புவான்.”

சரி என்றேன். ஆரியங்காவு தாண்டிவிட்டது. அதை என்ன குரலில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.